வேலூர் வெயிலும் சித்தப்பாவின் ஆர்ச்சும்

மே 12, திங்கள் – காட்பாடி, வேலூர்

காலை ஆறரை மணிக்கே காட்பாடி பிளாட்பாரம் சுட்டது. கத்திரி நடக்கிற நேரத்தில் எவனாவது வேலூருக்குப் போவானா என்று பாளையங்கோட்டையில் எல்லோரும் கேட்டார்கள். சித்தப்பாவின் வயிறு கத்திரியெல்லாம் பார்க்கவில்லை. மூன்று மாதமாக எதைச் சாப்பிட்டாலும் எரிச்சல், ஏப்பம். உள்ளூரில் காட்டி மாத்திரை மாற்றி மாற்றித் தின்று சலித்தாயிற்று. "வேலூருக்குப் போயி ஒரு தடவ காட்டிட்டு வந்திருங்க" என்று சித்தி முடிவாகச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களில் தீராத நோய் என்றால் வேலூர்தான், அது தாத்தா காலத்துப் பழக்கம். கூடப் போக ஆள் வேண்டுமே, சும்மா இருக்கிறவன் நான்தான் என்று எல்லோரும் ஒருமனதாகக் கண்டுபிடித்தார்கள்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் சிஎம்சிக்கு, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு, முந்நூறு கேட்டார். சித்தப்பா நூற்றைம்பதில் ஆரம்பித்தார். ஆட்டோக்காரர் பதில் சொல்லாமல் திரும்பி, பக்கத்தில் நின்ற வங்காளிக் குடும்பத்திடம் சரளமாக இந்தியில் பேச ஆரம்பித்துவிட்டார். அந்த அவமானத்தில் ரெண்டாம் நம்பர் பஸ் ஏறினோம். பாலாறு பாலத்தைத் தாண்டும்போது சித்தப்பா எட்டிப் பார்த்தார். கீழே மணலும் முள்செடியும். தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981இல் சாமி திரும்பி வந்துவிட்டார். ஆறுதான் இன்னும் பாக்கி.

லாட்ஜ் காந்தி ரோட்டை ஒட்டிய சந்தில். நாளுக்கு 750 ரூபாய், அடுப்பு வேண்டுமென்றால் தனிக்காசு. சந்து முழுக்க வங்காள எழுத்தில் போர்டு, மாடிப்படியெல்லாம் கடுகெண்ணெய் வாசம். மாதக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்க்கிறவர்கள் அறையிலேயே சமைத்துக்கொள்கிறார்கள். மதியம் தெருமுனைக் கடையில் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், ரோகு மீன் குழம்பு, 130 ரூபாய். வயிற்றெரிச்சலுக்கு வைத்தியம் பார்க்க வந்த மனிதர் மீன் தலையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பக்கத்து அறையில் மேற்கு வங்காளத்து மால்டாவில் இருந்து வந்தவர் ஒருவர், மனைவிக்கு இருதய வால்வு. எங்களைப் பார்த்ததும், காலையில் எத்தனை மணிக்கு வரிசைக்குப் போகவேண்டும், எந்தக் கவுன்டர், எந்தக் காகிதத்தைத் தொலைக்கக் கூடாது என்று கையாலும் இந்தியாலும் கால்மணி நேரம் பாடம் எடுத்தார். எங்கள் மாநிலத்து ஆஸ்பத்திரியை அவர் எங்களுக்குச் சொல்லித்தருகிறார்.

இரவு கரண்ட் போய்விட்டது. மொட்டை மாடியில் பாயைப் போட்டுப் படுத்திருந்தபோது சித்தப்பா விஷயத்தை எடுத்தார். ஆர்ச்.

மின்வாரியத்தில் ஓய்வு பெற்று வந்த பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஊர்க் கோயில் வாசலில் தாத்தா ஞாபகமாக ஆர்ச் கட்டுவது. கிரானைட் பதித்து, உச்சியில் சிலுவை, இரண்டு பக்கமும் தேவதூதர்கள், நடுவில் தாத்தா ஆச்சி பெயர். கீழே சின்ன எழுத்தில் (சின்ன எழுத்து என்று அவர்தான் சொல்கிறார்) மகன் உபயம். காண்ட்ராக்டர் சொன்ன தொகை மூன்றே முக்கால் லட்சம். சேகரத்து ஐயரும் (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்வோம்) சரி என்றுவிட்டார், கமிட்டியில் சொல்லிவிட்டால் போதும்.

எங்கள் கோயிலைப் பார்க்காதவர்களுக்கு ஒரு தகவல். அங்கே பெயரில்லாத பொருள் கிடையாது. பெஞ்சு, மைக் ஸ்டாண்டு, காணிக்கைப் பை, செருப்பு விடுகிற இடத்துத் தகரக்கூரை, எல்லாவற்றிலும் இன்னாரின் நினைவாக இன்னார். டியூப் லைட்டில் பெயரை நீட்டமாக எழுதியதால் பாதி வெளிச்சம்தான் வருகிறது. ஃபேன் இறக்கையில் எழுதினால் சுற்றும்போது தெரியாது என்று நடுக்கிண்ணத்தில் எழுதிய அளவுக்குத் தேறியவர்கள் நாங்கள். இதில் ஆர்ச் ஒன்று குறையாக இருந்தது.

"ஏன்டே, நல்லா இருக்கும்லா?" என்றார்.

கொசு கடிக்கிறது, தூங்குவோம் சித்தப்பா என்றேன்.

மே 13, செவ்வாய் – வரிசை

ஐந்தரைக்குப் போனோம், முன்னால் நூறு பேர் இருப்பார்கள். ஒருவரும் இடிக்கவில்லை, ஒருவரும் "சார் ஒரு நிமிஷம்" என்று குறுக்கே நுழையவில்லை. நுழையப் பார்த்த ஒரு வெள்ளைச்சட்டைக்காரரை செக்யூரிட்டி தோளில் கைவைத்து, சிரித்துக்கொண்டே, வரிசையின் வாலில் கொண்டுபோய் விட்டார். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே வந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தோம். ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தோம், டோக்கன் வாங்கிவிட்டு உட்கார்ந்தோம். எண்டோஸ்கோபி பார்க்கவேண்டும், வியாழன் காலை வெறும் வயிற்றோடு வாருங்கள் என்றார்கள். இவ்வளவு சீக்கிரம் தேதி கிடைத்ததே அதிர்ஷ்டம் என்றார் மால்டாக்காரர்.

உட்கார்ந்திருந்த நேரத்தில் சித்தப்பா சண்டே ஸ்கூலில் கேட்ட, சிஎம்சியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் கதையை ஆரம்பித்தார். எனக்கும் தெரிந்த கதைதான், இருந்தாலும் அந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து கேட்பது வேறாக இருந்தது. 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த பெண். தாத்தா, அப்பா, பெரியப்பாமார் எல்லோரும் மிஷன் வேலையில் இருந்த அமெரிக்கக் குடும்பம். பஞ்சமும் நோயும் பார்த்து வளர்ந்த அந்தப் பெண்ணுக்கு இந்த ஊரில் இருக்கவே பிடிக்கவில்லை. படிப்பு முடிந்ததும் அமெரிக்காவில் நன்றாக வாழவேண்டும், அவ்வளவுதான் ஆசை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தவரின் கதவை ஒரே ராத்திரியில் மூன்று பேர் தட்டுகிறார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் மேல்சாதிக்காரர். மூன்று பேர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில். அப்பா டாக்டர், கூட்டிப்போங்கள் என்கிறார் ஐடா. ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது, நீங்கள் வாருங்கள் என்கிறார்கள். எனக்கு வைத்தியம் தெரியாதே என்கிறார். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

கதையின் இந்த இடத்தில் சண்டே ஸ்கூல் டீச்சர் கண்ணைத் துடைப்பார், நாங்களும் துடைப்போம், அப்புறம் பாட்டு. அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. ஐடா கார்னெல் மருத்துவக் கல்லூரியில் படித்து 1899இல் டாக்டரானார். 1900இல் வேலூருக்கு வந்த அதே வருடம் அப்பா இறந்துபோனார். பங்களாவில் ஒரு அறை, ஒரு கட்டில், அதுதான் ஆஸ்பத்திரி. கை ராசி என்று பெயர் வந்து கூட்டம் சேர்ந்த பிறகு, கைராசி டாக்டராகவே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் 1909இல் நர்சிங் பள்ளி ஆரம்பித்தார், 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. ஆறு பெண்கள் சேர்ந்தால் ஆரம்பித்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரிகள் சந்தேகத்தோடு அனுமதி கொடுக்க, 151 விண்ணப்பம் வந்ததாம். தேர்வு எழுதிய முதல் அணியில் 14 பேரும் தேர்ச்சி. தான் ஒருத்தியாக எத்தனை கதவுக்கு ஓடமுடியும் என்று கணக்குப் போட்ட மனுஷி அவர். அழுகையை விட அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும்.

இந்த நிறுவனத்தின் குறிக்கோள் மாற்கு 10:45, ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்ய. சித்தப்பா முழு வசனத்தையும் தப்பில்லாமல் ஒப்பித்தார். எதிரே இருந்த அம்மா திரும்பிப் பார்த்து ஆமென் என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "பாத்தீங்களா சித்தப்பா, அவங்க ஆர்ச் கட்டல, ஆளுங்கள உருவாக்கிட்டுப் போயிருக்காங்க" என்றேன்.

"இந்த ரோட்டுக்கே ஐடா ஸ்கடர் ரோடுன்னுதாம்டே பேரு. வாசல்ல போர்ட பாக்கலயா?"

"அது மத்தவங்க வச்ச பேரு."

"அதத்தாம் நானும் சொல்லுதேன். எங்கப்பா பேர அப்பாவா வச்சாரு? நாந்தான வைக்கேன்?"

பதில் வரவில்லை எனக்கு. எங்கள் டோக்கன் எண் திரையில் வந்தது, பிழைத்தேன்.

மே 14, புதன் – ராணிப்பேட்டை, ஆற்காடு

இன்று ஆஸ்பத்திரி வேலை இல்லை. அறையில் கிடந்தால் வெந்துபோவோம் என்று ராணிப்பேட்டை பஸ் ஏறினோம். தோல் பதனிடும் ஊர் என்பதை மூக்குதான் முதலில் சொன்னது. அங்கே ஒரு குரோமியத் தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டபோது விட்டுப்போன கழிவு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து, நிலத்தடி நீரைக் கெடுத்தது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மழை பெய்தால் மஞ்சளாக ஓடும் என்றார் பக்கத்து சீட்டுக்காரர், ஏதோ மாமியார் குணத்தைச் சொல்கிற மாதிரி சாதாரணமாக. பின்னால் வருகிறவர்களுக்கு விட்டுப்போவது என்று கோயிலில் பேசும்போது இந்த மாதிரி சொத்தையும் யாராவது சேர்த்துக்கொண்டால் தேவலை.

ஊருக்குப் பெயர் செஞ்சி ராஜா தேசிங்கின் ராணியால் வந்தது. புருஷன் செத்ததும் தீயில் இறங்கிய பெண் என்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு கடைக்காரரிடம் சித்தப்பா, "எந்த ராணிங்க?" என்று கேட்டார். "ராணிப்பேட்டை சார், இறங்கணுமா?" என்றார் அவர்.

ஸ்கடர் நினைவு மருத்துவமனை 1866இல் ஆரம்பித்தது, சிஎம்சிக்கே அக்கா மாதிரி. இதை ஆரம்பித்த சைலஸ் ஸ்கடர் ஐடாவுக்குப் பெரியப்பா முறை. வேலூர்க் கூட்டத்துக்குப் பிறகு இங்கே ஒரே அமைதி. மரத்தடி பெஞ்சில் ஒரு வயதான அம்மா, வெள்ளைப் புடவை, மடியில் பிளாஸ்டிக் கூடை. சித்தப்பா கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்துவிட்டு, "ஊருக்குப் புதுசா? உக்காருங்க, வெயில்ல நிக்காதீங்க" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

ஓய்வுபெற்ற நர்ஸ். 1968இல் பயிற்சிக்குச் சேர்ந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கடைசியில் பல வருடம் நர்சிங் பிள்ளைகளுக்கு டியூட்டராக இருந்திருக்கிறார். இப்போது மாத்திரை வாங்க வந்திருக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே யூனிஃபார்மில் ஒரு நர்ஸ் ஓடிவந்து, "சிஸ்டர், நீங்க ஏன் வரிசையில நின்னீங்க, என்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டார். "நீ வேலையப் பாரு போ. கொண்டைய ஒழுங்கா போடு" என்றார் இவர். அந்த நர்ஸுக்கு ஐம்பது வயதிருக்கும். கையை உடனே கொண்டைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்தபடியே உள்ளே ஓடினார்.

எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? சித்தப்பாவுக்குப் புரியட்டும் என்று, "சிஸ்டர், உங்க பிள்ளைங்க ஊரெல்லாம் இருப்பாங்கல்ல, அதுதானே நீங்க விட்டுட்டுப் போறது, இதுக்கு மேல பேரு கல்லு எல்லாம் எதுக்கு?" என்று எடுத்துக் கொடுத்தேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இல்ல தம்பி. எனக்குக் கல்லு வேணும். கல்லறைத் தோட்டத்துல கேட்டு வச்சிருக்கேன், எங்கம்மா பக்கத்துல. காசும் தனியா எடுத்து வச்சிட்டேன். பேரு தப்பில்லாம வெட்டணும்னு தாள்ல எழுதியும் கொடுத்துட்டேன். எனக்குப் புள்ளையா குட்டியா, என் பேரைச் சொல்ல யாரு இருக்கா? கல்லாவது சொல்லட்டுமே. அதுல என்ன தப்பு?"

சித்தப்பா முகத்தில் வந்த வெற்றிச் சிரிப்பை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன்.

"அதுங்க என்னை சிஸ்டர்னுதான் கூப்பிடும்" என்று அவரே தொடர்ந்தார். "பேரு பாதிப் பேருக்குத் தெரியாது. அது பரவால்ல. ஊசி போடறதுக்கு முன்னாடி புள்ளைங்க கைய உள்ளங்கையில வச்சிச் சூடாக்கணும்னு சொல்லிக் குடுத்தேன். அது இன்னும் நடக்குதா இல்லையான்னு அப்பப்ப வந்து எட்டிப் பார்க்கறேன். மாத்திரை ஒரு சாக்கு." கூடையிலிருந்து ஒரு பனங்கிழங்குத் துண்டை எடுத்துக் கொடுத்தார். மே மாதத்தில் பனங்கிழங்கா என்று பார்த்தால் காயவைத்த ஒடியல். தூத்துக்குடியிலிருந்து பழைய மாணவி யாரோ அனுப்பியதாம். கருங்கல் மாதிரி இருந்தது. சித்தப்பா பல்லைப் பணயம் வைத்துத் தின்றார்.

பிறகு ஆற்காடு, பாலத்தைத் தாண்டினால் வந்துவிடுகிறது. சீரகச் சம்பா பிரியாணி 180 ரூபாய், தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். சென்னைக் கடைகளில் வருகிற புளித்தண்ணீர் இல்லை, எண்ணெயில் குழைந்து எள் வாசத்தோடு வந்த கத்திரிக்காய். அதற்கே ரெண்டாம் தடவை சோறு வாங்கினேன். வயிற்றைச் சொல்லி சித்தப்பாவுக்குத் தயிர் சாதம் வாங்கிக் கொடுத்தேன், அவர் என் இலையிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார். மக்கன் பேடா ஒன்று 25 ரூபாய். பார்க்க குலாப் ஜாமூன் மாதிரி இருக்கும், பிட்டால் உள்ளே முந்திரியும் பாதாமும். ஒன்றுக்கு மேல் சாப்பிட்டால் கண் சொருகும்.

கண் சொருகிய நிலையில்தான் டெல்லி கேட்டுக்குப் போனோம். கர்நாடக நவாபுகளின் தலைநகரம் இது. 1751இல் கிளைவ் கோட்டையைப் பிடித்து உள்ளே உட்கார்ந்துகொள்ள, ஐம்பது நாள் முற்றுகை நடந்தது. பின்னால் திப்பு மதிலை இடித்தார். இன்று கோட்டையும் இல்லை, அரண்மனையும் இல்லை. ஆற்றங்கரையில் வாசல் மட்டும் நிற்கிறது, மேலே ஒரு சின்ன அறையோடு.

வாசல் என்றால், சரியாகச் சொன்னால், ஆர்ச்.

நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை, சத்தியமாக. சித்தப்பாவே ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிழலில் இரண்டு ஆடு படுத்திருந்தன. "ஒரு வீட்டுக்கும் போகாத வாசலா இருக்கேடே" என்றார்.

திரும்பும்போது வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் தார் இளகி அவர் செருப்பின் அடி அப்படியே பிய்ந்து ரோட்டோடு ஒட்டிக்கொண்டது. ஒற்றைக் காலில் குதித்து நிழலுக்கு வந்தார். செருப்புத் தைக்கிறவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "ஊர் பூரா தோலு, நீங்க ரெக்சினை மாட்டிக்கினு வந்துகிறீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஒட்டித் தைக்க 60 ரூபாய். பேரம் பேசப்போன சித்தப்பாவிடம், "நாளைக்குப் பிஞ்சா எங்கிட்டயே எடுத்துனு வா, காசு வேணாம்" என்றார். பேரம் அதோடு நின்றது.

மே 15, வியாழன் – ஆரணி ரோடு

காலையில் எண்டோஸ்கோபி. தொண்டையில் மருந்தடித்து மரத்துப்போனதில் சித்தப்பா இரண்டு மணி நேரம் பேசமுடியாமல் இருந்தார். குடும்பத்தில் யாருக்கும் இந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை, சித்திக்குப் போன் போட்டுச் சொன்னேன். கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தார்.

சாயங்காலம் தனியாக பாகாயம் பஸ்ஸில் ஏறினேன். ஆரணி ரோட்டில் "ஷெல்லு, ஷெல்லு இறங்கு" என்று கண்டக்டர் கத்தினார், ஒரு கண்ணில் பச்சைத் துணி தொங்க ஒரு பாட்டி பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அதுதான் ஷெல் கண் ஆஸ்பத்திரி. 1902இல் ஐடா நாற்பது படுக்கையோடு திறந்த முதல் பெரிய ஆஸ்பத்திரி. நியூயார்க்கில் அவர் பணம் திரட்டப் போனபோது, ஒரு வீட்டில் அவர் பேசியதைப் பக்கத்து அறையில் இருந்து கேட்ட ஷெல் என்கிற வங்கிக்காரர், இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்த அம்மாள் வேலூரைப் பார்த்ததில்லை. இன்றைக்கும் கண்டக்டர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவர் பெயரைக் கத்துகிறாரோ. யாரென்று கேட்டால் பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியாது, பெட்ரோல் கம்பெனி என்று நினைக்கிறவர்கள்கூட இருப்பார்கள். பாட்டிக்குக் கண் தெரிந்தால் சரி. நேற்று அந்த சிஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு இதைப் பெரிய கிண்டலாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பெண்டாட்டி பெயர் எங்கேயாவது இருக்கட்டும் என்று அந்த மனுஷனும் நினைத்திருப்பார், சித்தப்பா மாதிரிதான். பெயரோடு கூடவே ஆஸ்பத்திரியும் இருந்தது என்பது அவர் அதிர்ஷ்டம்.

பாகாயத்தில் மறுவாழ்வு மருத்துவமனைப் பக்கம் போனேன், 1966இல் தொடங்கியது. இதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ் கேரளப் பெண், வேலூரில் படித்தவர். 1954இல் ஒரு விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனது. டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்த காலம் அது. கை அறுவை உட்கார்ந்தே செய்யலாமே என்று மேரி சக்கர நாற்காலியிலேயே அறுவை அறைக்குள் வந்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வந்து இந்தத் துறையை நடத்தினார். தேவனுடைய நோக்கம், தேவனுடைய திட்டம் என்று பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. விபத்தையும் அந்தக் கணக்கில் எழுதுகிறவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வரும். மேரி வர்கீஸ் விஷயத்தில் நான் பார்ப்பது வேறு. மிச்சமிருந்த இரண்டு கையை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தார். நோக்கம் என்று ஏதாவது இருந்தால் அப்படித்தான் இருக்கும்போல.

சக்கர நாற்காலியில் ஒரு பையன் வெளியே வந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தான், இருபது இருபத்திரண்டு வயது. என்னிடம் இந்தியில் ஏதோ கேட்டான். ஆறுதலாக என்ன சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, அவன் என் போனைக் காட்டி "ஸ்கோர், ஸ்கோர்" என்றான். நெட் எடுக்கவில்லை. சலித்துக்கொண்டு, சக்கரத்தைத் திருப்பி, அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டான்.

எட்டு மணிக்கு மேல் இடி. நாலு நாளாகச் சுட்ட ஊரில் இருபது நிமிஷம் கொட்டியது. சந்தில் சாக்கடையும் தண்ணீரும் ஒன்றாக ஓட, மால்டாக்காரர் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தன் மனைவியின் சாப்பாட்டுத் தூக்கைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கு நடந்தார். சனிக்கிழமை ஆப்பரேஷனாம். சித்தப்பா படியில் நின்று, அவருக்குப் புரியாத தமிழில், ஜெபம் பண்ணுகிறேன் என்றார். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

மே 16, வெள்ளி – கிளம்பினோம்

டாக்டர் சின்னப் பெண். வயிற்றில் கிருமி, இரண்டு வாரம் மாத்திரை, டீயைக் குறையுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. மொத்தமே ஏழு நிமிஷம். சித்தப்பாவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம் என்று நினைக்கிறேன், இவ்வளவு தூரம் வந்ததற்குக் கொஞ்சம் பெரிதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். இங்கே படிப்பு முடித்த பிறகு எங்கே போவீர்கள் என்று அவர் டாக்டரையே விசாரித்தார். தன்னை அனுப்பிய சபைக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் வேலை செய்யவேண்டும், அதை ஜார்க்கண்டில் முடித்துவிட்டுத்தான் மேற்படிப்புக்கு வந்தேன் என்றார். "அங்க சாப்பாடு சரியா இருக்குமா தாயி?" என்றார் சித்தப்பா. வெளியே அடுத்த நோயாளி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராத்திரி ரயிலில் ஏறியதும் லாட்ஜ் ரசீதைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். தாத்தா டிடிடிஏ பள்ளியில், அதாவது எங்கள் திருநெல்வேலித் திருமண்டலப் பள்ளியில், வாத்தியார். பனையேறிகள் வீட்டுப் பிள்ளைகளைத் தேடிப்போய், விளைக்குள் ஒளிந்தால் விடாமல் பிடித்து, சைக்கிளில் வைத்துக் கொண்டுவருவாராம். ஆச்சி சோறு பொங்கி வைத்திருப்பார்களாம், வந்தால் சோறு உண்டு என்றால் நாளைக்குத் தானாக வரும் என்று. சித்தப்பா எழுதியது அந்தப் பிள்ளைகளின் பட்டியல். தலைமையாசிரியராகப் போனவர், தபால்காரர், மும்பையில் டெய்லர் கடை வைத்தவர், போதகரானவர், படிக்கவே மாட்டேன் என்று ஓடிப்போய்க் கடைசியில் லாரி வாங்கியவர்.

"கொத்தனார் வீட்டு மூத்தவனும் அப்பாட்டத்தான படிச்சான்?"

"எனக்கெப்படி சித்தப்பா தெரியும், நான் பொறக்கவேயில்லை."

சித்திக்குப் போன் போட்டார். சித்தி அவன் இல்லை அவன் தம்பி என்றார். பத்து நிமிஷம் அதில் போனது. நடுவில் காண்ட்ராக்டர் அழைத்தார். கிரானைட் சேலத்திலிருந்து வருகிறது, அட்வான்ஸ் வேண்டும். "இப்பதான் ரயில்ல ஏறிருக்கோம், ஊருக்கு வந்து சொல்லுதேன்" என்று வைத்துவிட்டார். ஆர்ச் உண்டா இல்லையா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்தப் பட்டியலில் உள்ளவர்களின் பேரப்பிள்ளைகளில் யாராவது பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்டுச் சொல் என்று மட்டும் சித்தியிடம் சொன்னார்.

அப்புறம், "நர்சிங்குக்கு ஒரு வருசத்துக்கு எவ்ளோடே ஆவும்?" என்றார். தெரியவில்லை, விசாரிக்கிறேன் என்றேன்.

"விசாரி. ஆனா வாசல்ல ஒரு சின்னக் கல்லாவது வைக்கணும், ஆமா" என்று சொல்லிவிட்டு, டீக்காரரைக் கூப்பிட்டு ரெண்டு டீ சொன்னார். ஒன்றுதான் என்று நான் கைகாட்டினேன்.